மூர்த்தியோட கடவாய்ப்பல்

சத்துவாச்சாரி

அன்பு நடராஜா,

இங்க எல்லாரும் சௌக்கியம். தங்கச்சியை விசாரிச்சதாச் சொல்லு. போன்ல சொன்னா சிரிச்சே மழுப்பிடுவ, அதான் எழுதுறேன்.

நம்ம மூர்த்தி பிழைச்சு வந்துட்டான். இன்னா ஆச்சுன்னு கேளு. கீழ்த்தாடையில கடைசிப் பல்லு ரொம்ப நாளா சொத்தை. கிராம்புத் தைலம், மெடிக்கல்ல வாங்கின வலி மாத்திரை, மாமியார் சொன்ன உப்புத் தண்ணின்னு தள்ளிக்கினே வந்திருக்கான். அவன் கை இறுக்கம்தான் தெரியுமே, ஆம்பூர் பிரியாணி கதை ஒண்ணு போதாதா! ஒரு ராத்திரி அவன் பையன் கூப்பிட்டான்னு ஓடினேன். படுத்தா மூச்சு அடைக்குதுன்னு கட்டில்ல முன்னால குனிஞ்சு உக்காந்திருக்கான். தாடைக்கடியில ரெண்டு பக்கமும் வீங்கி, தொட்டா பலகை மாதிரி கெட்டி. நாக்கு மேல தள்ளி நிக்குது. எச்சில் முழுங்க முடியாம துண்டுல வழியுது. வாயே மூடாத மூர்த்தி ஒரு வார்த்தை பேசல. அப்பதான்டா எனக்கு வயித்தைக் கலக்குச்சு.

ஆஸ்பத்திரியில முதல்ல மூச்சுக்கு வழி பண்ணி, அப்புறம் தாடைக்கடியில கீறி சீழை வடிச்சு, பல்லையும் புடுங்கினாங்க. லுட்விக் ஆஞ்சைனான்னு பேராம், 1836லயே ஒரு ஜெர்மன் டாக்டர் எழுதி வச்சது. கீழ்க் கடவாய்ப்பல் வேரு வாய்த்தளத்துத் தசையையும் தாண்டி இறங்கியிருக்கும், சீழ் அந்த வழியா நேரா தாடைக்கடியில பரவிடும்னு டாக்டரம்மா மருந்துச் சீட்டு பின்னால படம் போட்டுக் காட்டினாங்க. பென்சிலின் வராத காலத்துல பாதிக்கு மேல பிழைக்கலையாம். இவனுக்குச் சர்க்கரை வேற. சர்க்கரை ஏறினா ஈறு கெடும், ஈறு கெட்டா சர்க்கரை அடங்காது.

சரி, இப்ப உன் விஷயம். பல்லு விளக்கினா ரத்தம் வருதுன்னு போற போக்குல சொன்னியே, மாசக்கணக்கா வருதுன்னு தங்கச்சி சொல்லுது. ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற வார்ஃபரின் மாத்திரையால அப்படித்தான்னு நீயே டாக்டராயிடாத. உன் நெஞ்சுல இருக்கிறது மெஷின் வால்வு. ராத்திரி பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்குதுன்னு கடிகாரக் கடைன்னு உன்னை ஓட்டுவோமே, அதேதான். மெல்லும்போதும் பல்லு விளக்கும்போதும் எல்லாருக்குமே வாய்க் கிருமி கொஞ்சம் ரத்தத்துல கலக்கும், உடம்பு அழிச்சிடும். ஈறு கெட்டிருந்தா இன்னும் சுலபமா கலக்கும். செயற்கை வால்வுல ஒட்டிக்கிச்சுன்னா அங்கேயே பெருகும். அதுல ஒரு துணுக்கு பிஞ்சு மூளைக்குப் போனா பக்கவாதம். வாரக்கணக்கா நரம்புல மருந்து ஏத்தணும், சிலருக்கு வால்வையே மாத்தணும். நெஞ்சைத் திறந்தது ஒரு தடவை போதாதா உனக்கு?

பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி வால்வையும் வார்ஃபரினையும் சொல்லிடு. புடுங்கவோ ஈறுக்கடியில சுத்தம் பண்ணவோ போனா, வால்வுல கிருமி ஒட்டாம இருக்க ஒரு மணி நேரம் முன்னாடி 2 கிராம் அமாக்ஸிசிலின்னு ஆன்டிபயாடிக் குடுப்பாங்க. உன் இதய டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ. வார்ஃபரினை நீயா நிறுத்தாத. ஒண்ணு முக்கியம்: காரணமில்லாம காய்ச்சல் விட்டு விட்டு வந்தா மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் வாங்கி முழுங்காத. ரத்தம் எடுத்து, அதுல எந்தக் கிருமின்னு வளர்த்துப் பாக்க கல்ச்சர் வைக்கிறதுக்கு முன்னாடி அதைச் சாப்பிட்டா கிருமி சிக்காம போயிடும், அப்புறம் எந்த மருந்துன்னு தெரியாம அல்லாடணும்.

மூர்த்தி கஞ்சி குடிச்சிக்கினு, ஆஸ்பத்திரி பில்லை எல்லாருக்கும் எடுத்துக் காட்டிக்கினு இருக்கான். ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். போனியா இல்லையான்னு தங்கச்சிகிட்டதான் கேப்பேன், உன்கிட்ட இல்ல.

உன்,
பழனி