தூக்க மாத்திரைக்கு முன் குறட்டையைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தூக்கம் வரவில்லை என்று பழைய சீட்டை நீட்டி மருந்துக்கடையில் அல்பிரசோலம் கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து அது. போட்டால் தூக்கம் வரும். தூக்கம் ஏன் கெட்டது என்ற கேள்வி அதோடு அமுங்கிப்போகும்.

முதலில் விசாரிக்க வேண்டியது குறட்டையை. பலத்த குறட்டை சட்டென்று நின்று, 10, 20 விநாடி சத்தமே இல்லாமல் போய், திணறலோடு மூச்சு திரும்புகிறதா? படுத்திருப்பவருக்கு இது தெரியாது. பக்கத்தில் படுப்பவரை மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அல்லது செல்போனில் பதிவு செய்து காட்டுங்கள். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுவழி அடைபடுவதே காரணம். காலையில் தலைவலி, வாய் வறட்சி, பஸ்ஸில் உட்கார்ந்ததும் கண் சொருகுவது, இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீருக்கு எழுவது, மூன்று வகை மாத்திரை போட்டும் இறங்காத பி.பி. எல்லாம் இதன் கூட்டாளிகள். மூச்சு மணிக்கு 30 முறையோ அதற்கு மேலோ தடைபட்டால் நோய் கடுமை என்று பொருள். இவர்கள் தூக்க மாத்திரையோ மதுவோ எடுத்தால் தசை இன்னும் தளர்ந்து, மூச்சு நிற்கும் நேரம் நீளலாம். ஓர் இரவு தூக்கப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் காற்றழுத்தம் தரும் சிபேப் கருவி பொருத்துவதுதான் இதற்கு வழி.

படுத்ததும் காலில் ஏதோ ஊர்வதுபோல் குடைச்சல், எழுந்து நடந்தால் விடுகிறது என்பவர்கள் ரத்தத்தில் ஃபெரிடின், அதாவது உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் அளவு, பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இது குறைந்திருக்கலாம். லிட்டருக்கு 75 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புச்சத்து மாத்திரையே பலருக்கும் குணம் தரும். அதை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது.

நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போடுவது, கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். விடியலுக்கு வெகுமுன்பே விழித்து, மனம் பாரமாக இருந்தால் மனநல மருத்துவரிடம் போகத் தயங்கக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால் ஒரு நோட்டில் இரண்டு வாரம் எழுதுங்கள்: படுத்த நேரம், தூங்கிய நேரம், விழித்த நேரம், குடித்த டீ, பகல் தூக்கம். சராசரி ஐந்தரை மணி நேரத் தூக்கம் என்றால் படுக்கையிலும் அவ்வளவு நேரமே இருக்க வேண்டும். 5 மணிக்கு எழுபவர் இரவு 11.30-க்கு முன் படுக்கக் கூடாது. படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்கத் தொடங்கியதும், வாரம் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். முதல் வாரம் பகலில் தூக்கம் தள்ளும். பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். வண்டி ஓட்டுபவர்கள், வலிப்பு நோயாளிகள் இதைத் தாமாகச் செய்யக் கூடாது.

நெய்வேலி, சிப்காட் இரவு ஷிப்ட்காரர்களுக்குக் கணக்கு வேறு. டீயில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும்; கடைசி டீ ஷிப்ட்டின் முதல் பாதியோடு நிற்க வேண்டும். காலை வெயில் மூளையை விழிக்கச் செய்துவிடும் என்பதால், கம்பெனி பஸ்ஸில் வருபவர்கள் கறுப்புக் கண்ணாடி அணிந்து, வீட்டில் இருட்டாக்கிய அறையில் படுப்பது நல்லது.

மாதக்கணக்கில் தூக்க மாத்திரை போடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், வலிப்பு வரக்கூடும். மருத்துவர் சொல்படி, வாரக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை பார்க்க வீடு தேடி வருகிறார்கள். "குறட்டை நடுவில் நின்று திணறுகிறாரா? பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறாரா?" என்று வீட்டாரிடம் அவர்கள் கேட்டு எழுதிக்கொள்ள, மாவட்டச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்கள்,
கடலூர் முதுநகர்.