படத்தின் பின்பக்கமும் ஆவணமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள பழைய புகைப்படங்களை மின்னுருவாக்கம் செய்ய வேண்டும் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஸ்கேனருக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும் வேகம், எதை, எப்படிப் படியெடுப்பது என்ற நெறிமுறையை எழுதிவைப்பதில் இருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நூலகத்தில் பழைய குடும்ப ஆல்பம் ஒன்றைக் கேட்டபோது, கணினியில் படங்களின் முன்பக்கம் மட்டுமே காட்டப்பட்டது. ஸ்டுடியோவின் முத்திரையும், யாரோ மையில் எழுதிவைத்த பெயர்களும் உறவுமுறைகளும் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருந்திருக்கும். படங்களைப் பிரித்து எண்ணிட்டதில், எதற்கு அடுத்து எது ஒட்டப்பட்டிருந்தது என்பதும் தொலைந்துபோயிருந்தது. மூலத்தைப் பார்க்கலாமா என்றதற்கு, "அதுதான் ஸ்கேன் ஆகிவிட்டதே" என்றார்கள்.

புகைப்படம் என்பது வெறும் பிம்பம் அல்ல, ஒரு பொருள். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப், தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் கல்வெட்டுகளை 1858இல் படமெடுத்து, 21 அச்சுப்படிகளை வரிசையாக ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். 'ஒரு தாள், ஒரு கோப்பு' என்ற விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் அது 21 சுவர்த்துண்டுகளாகிவிடும். வெறுமையாகத் தெரிந்த வானத்துக்கு அவர் தம் நெகட்டிவ்களிலேயே வண்ணம் தீட்டி மேகம் சேர்த்ததுண்டு. அச்சுப்படியை மட்டும் படியெடுத்தால் அந்தக் கைவேலை பிடிபடாது.

குறிப்பெழுதுவதில்தான் கூடுதல் கவனம் தேவை. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தவர், படமும் எடுத்தவர். அத்தகைய படங்களின் கீழே பெரும்பாலும் ஆளின் பெயர் இருக்காது, சாதி அல்லது பழங்குடியின் பெயரே இருக்கும். பழைய குறிப்பை அழிப்பது வரலாற்றை அழிப்பதாகும். அப்படியே விட்டுவைப்பதோ அவமதிப்பைத் தொடர்வதாகும். ஆகவே பழைய குறிப்பை அது பழையது என்ற அடையாளத்துடன் வைத்து, அம்மக்கள் இன்று தமக்கு வழங்கும் பெயரை அதனருகே சேர்ப்பதோடு, சடங்குப் படங்களையும் உடலை அளந்த படங்களையும் இணையத்தில் ஏற்றும் முன் அவர்களைக் கலந்துகொள்வதும் விதியாக வேண்டும். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008இல் தன் படங்களைப் பிளிக்கர் என்ற படப்பகிர்வுத் தளத்தில் ஏற்றியபோது, பொதுமக்கள் தந்த அடையாளங்களைச் சரிபார்த்தே தன் பட்டியலில் சேர்த்தது. இங்கும் அது முடியும்; சரிபார்ப்பவர் யார் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும்.

உரிமை பற்றியும் ஒரு சொல். பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்படும் வரை, புகைப்படத்துக்கான பாதுகாப்பு அது வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெளியான படங்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவற்றின் நடுவே நிறுவன முத்திரையைப் பெரிதாகப் பதிப்பது எதைக் காப்பதற்கு?

பிரபலமான படங்களிலிருந்து பணியைத் தொடங்குவதும் தவறு. அசிடேட் என்ற பழைய வகை பிலிம் சிதையத் தொடங்கினால் புளித்த காடி வாடை அடிக்கும். அந்த பிலிம்கள் நம் வெப்பத்தில் காத்திருக்க மாட்டா, அவையே முதலில். எந்தத் திருத்தமும் செய்யாத, முழு விவரமும் கொண்ட டிஃப் (TIFF) வகைக் கோப்பு ஒன்றைத் தனியே காத்து, பார்வைக்குச் சிறிய ஜேபெக் (JPEG) படியைத் தந்தால் போதும்.

இவற்றையெல்லாம் தமிழில் எழுதி, ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே தம் இணையதளங்களில் வெளியிட்டுக் கருத்துக் கேட்குமாறு அரசு நூலகங்களையும் அருங்காட்சியகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
கும்பகோணம்