செல்விக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள செல்விக்கு,

வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் எல்லாவற்றுக்கும் நீல டிக் விழுந்திருக்கிறது, பதில்தான் இல்லை. சரி, வேலை இருக்கும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். நிதானமாகப் படி. சாப்பிடுகிறாயா? போன தடவை வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடாதே. மாப்பிள்ளையிடம் கேட்டால் "நல்லா இருக்காங்க அத்தை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். அவரை என்னவென்று குடைவது?

பாலி நன்றாக இருக்கிறது. அப்பாவின் முட்டி ஒத்துழைக்கிறது. டிக்கெட், ஓட்டல் எல்லாம் மகள் போட்டுக்கொடுத்தது என்று எங்கள் பயணக் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரிடமும் அப்பா சொல்லிவிட்டார். சொல்லட்டும். டொராண்டோவில் ஒரு லேபையே நடத்துகிற பெண் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறாள்? அந்தப் பெண்ணுக்கு அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை, அதுதான் குறை.

உபுடில் பூரி லுகிசான் என்கிற ஓவிய அருங்காட்சியகத்துக்குப் போனோம். தாமரைக் குளமும் மரநிழலுமாக இருக்கிறது. 1956இல் திறந்தார்களாம். உபுட் அரச குடும்பத்து சொகோர்டா குடே அகுங் சுகவதியும், ருடால்ஃப் போனே என்கிற டச்சு ஓவியரும் முன்னின்று உண்டாக்கியது. 1936இலேயே ஷ்பீஸ் என்கிற ஜெர்மன்காரரையும், லெம்பாட் என்கிற உள்ளூர்ப் பெரியவரையும் சேர்த்துக்கொண்டு கலைஞர்களுக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள், பிட்டா மகா என்று பெயர். லெம்பாட் வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்ட கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சுகவதியும் போனேயும் 1978இல் ஒரே வருடம் காலமானார்கள். போனே இறந்தது ஹாலந்தில். அவருடைய அஸ்தியை இங்கே கொண்டுவந்து, சுகவதியின் தகனத்தோடு சேர்த்தே காரியம் செய்திருக்கிறார்கள். ரத்த சம்பந்தம் கிடையாது, மதம் வேறு, தேசம் வேறு. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு, காபியோடு வேண்டாம்.

அடுத்து குளுங்குங் போனோம். அங்கே இருந்த அரண்மனையை 1908இல் டச்சுப் படை அழித்துவிட்டது. ராஜாவும் குடும்பமும் சரணடைய மாட்டோம் என்று கிரிஸ் கத்தியோடு துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்துபோய் மடிந்திருக்கிறார்கள். மிஞ்சியது பெரிய வாசலும் இரண்டு மண்டபங்களும்தான். அந்த வளாகத்திலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது, அதை வேகமாகச் சுற்றி வந்துவிட்டோம். நான் நின்றது கெர்த்தா கோசா மண்டபத்தில். அந்தக் காலத்து நியாயஸ்தலம். மேற்கூரை முழுக்க வரிசை வரிசையாகப் படம். கீழ்வரிசையில் நம் பஞ்சதந்திரக் கதைகள், தந்திரி என்று ஒரு பெண் சொல்வதாக. அதற்கு மேலே பீமன் நரகத்துக்குப் போகிற கதை. 1960இல் பக்கத்து காமாசான் கிராமத்து ஓவியர்கள் மொத்தத்தையும் புதிதாக வரைந்திருக்கிறார்கள்.

அந்த ஊருக்கும் போனோம். நாம் சேலைக்குக் கஞ்சி போடுகிற மாதிரியே துணியை அரிசிமாவுக் கஞ்சியில் தோய்த்து வெயிலில் காயவைக்கிறார்கள். அப்புறம் சோழியால் தேய்க்கிறார்கள். ஒரு அம்மா தரையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார், தேய்க்கத் தேய்க்கத் துணி பளபளவென்று காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காவிக்கல்லில் சிவப்பு, விளக்குக் கரியில் கறுப்பு. கோடு போடுகிறவர் ஒருவர், வண்ணம் தீட்டுவது வீட்டுப் பெண்கள். நீ அங்கே இருந்திருந்தால் அவரை எழுப்பிவிட்டு நீயே தேய்த்திருப்பாய்.

கெர்த்தா கோசாவில் ஒரு படத்தைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன். நரகத்து வரிசையில் ஒவ்வொரு குற்றத்துக்கும் ஒரு தண்டனை. கொதிக்கிற கொப்பரை, ரம்பம், நெருப்பு. அதில் ஒரு பெண். அவள் மார்பில் பெரிய கம்பளிப்பூச்சி ஒன்று வாய் வைத்திருக்கிறது. இவள் என்ன செய்தாள் என்று கைடிடம் யாரோ கேட்டார்கள். பிள்ளை பெறாமல் போனவள் என்றார். குழுவில் இரண்டு பேர் "ஐயோ பாவம்" என்றார்கள், ஒருத்தி தலையாட்டினாள். எனக்குக் காது அடைத்துக்கொண்டது. பெரியத்தை வீட்டு வளைகாப்பில் நீ எழுந்து போனாயே, அன்றைக்கு வந்த அதே கோபம். எந்த ஊர் நியாயம் இது? வலியைக் குற்றம் என்று எழுதிவைத்தது யார்? குற்றம் சாட்டப்பட்டவர்கள் இந்தக் கூரையின் கீழேதான் உட்காருவார்களாம், மேலே பார்த்துப் பயப்படுவதற்காக. நீ எந்த விசாரணைக்கும் போய் உட்கார வேண்டியதில்லை, செல்வி. யார் கூப்பிட்டாலும் போகாதே. நம் வீட்டு ஆட்கள் கூப்பிட்டாலும்தான்.

ஆத்திரத்தில் வெளியே வந்துவிட்டேன். எதிரே குளத்துக்கு நடுவில் இன்னொரு மண்டபம், பாலே கம்பாங். முட்டிக்காக அப்பா அங்கே உட்கார்ந்திருந்தார். அந்தக் கூரையில் பிராயுட் என்று ஓர் ஏழைத் தம்பதி, அவர்களுக்குப் 18 பிள்ளைகள். தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று. அப்பா அண்ணாந்து பார்த்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை மடக்கிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

அப்புறம் திரும்பவும் கெர்த்தா கோசாவுக்கே போனேன், பீமனை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று. உருண்டைக் கண், மீசை, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட வேட்டி, கட்டைவிரலில் நீள நகம். கூட துவாலென், மெர்டா என்று இரண்டு வேலைக்காரர்கள். குந்தி அனுப்பித்தான் போகிறான். கொப்பரையைக் கவிழ்த்து, பாண்டுவையும் மாத்ரியையும் வெளியே எடுக்கிறான். அத்தோடு விடாமல் அவர்களுக்காக அமிர்தம் கேட்டு மேலுலகம் போய்த் தேவர்களோடு சண்டை போடுகிறான். அங்கே செத்தும் விழுகிறான். அவனை எழுப்பி அமிர்தத்தையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

நின்று பார்க்கும்போதுதான் உறைத்தது. பாண்டு யார்? மான் உருவில் இருந்த முனிவரைக் கொன்று, சாபத்தால் பிள்ளை பெற முடியாமல் போனவன். பீமன் வாயுவின் பிள்ளை. பாண்டுவின் ரத்தம் அவனிடம் ஒரு சொட்டு கிடையாது. அந்தப் பிள்ளைதான் நரகம் வரைக்கும் இறங்கி அப்பாவைத் தூக்கி வந்தான். நீ என் பிள்ளை இல்லை என்று பாண்டுவும் சொல்லவில்லை, நீ என் அப்பா இல்லை என்று பீமனும் சொல்லவில்லை. அந்தப் பூச்சிப் படமும் இதுவும் ஒரே கூரையில் இருக்கின்றன. நான் எதை நம்புவது என்று எனக்குத் தெரியும்.

சித்தப்பா வீட்டு ராஜியை நினைத்துக்கொண்டேன். சித்திக்கு ஆபரேஷன் ஆனபோது ஆஸ்பத்திரியில் ராத்திரி பகலாக இருந்தவள் அவள்தானே. ஆறு மாதக் குழந்தையாக அவளைத் தூக்கி வந்த நாளில் என்னென்ன பேசினார்கள், இன்றைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

நான் எதையும் சொல்ல வரவில்லை. பார்த்த படத்தைத்தான் எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எது நினைத்தாலும், எதுவுமே வேண்டாம் என்று நினைத்தாலும், நானும் அப்பாவும் உங்கள் பக்கம். பெரியத்தைக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாப்பிள்ளையையும் கவனி, அவருக்கும் மனசு இருக்கும், ஆண்பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். சனிக்கிழமை ஊருக்குத் திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை ஒன்பது மணிக்கு நான் போன் போடுவேன். ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். நீ எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்புடன்,
அம்மா