எங்க வீட்டு நாலு ஓட்டு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

தேர்தல் வருது, எங்க வீட்ல நாலு ஓட்டு, நாலும் நாலு பக்கம் நிக்குது. அம்மா திமுகதான்னு முடிவே பண்ணிட்டாங்க, 2023 செப்டம்பர்ல இருந்து மாசம் 1000 ரூபா அக்கவுண்ட்ல விழுது, டவுன் பஸ்ல டிக்கெட் காசும் கிடையாது, போதும்ங்கறாங்க. சரிம்மா, 2021ல மாசாமாசம் கரண்ட் கணக்கெடுப்புன்னு சொன்னாங்களே எங்கன்னு நான் கேட்டேன், ஏன்னா ஃப்ரிட்ஜ் மேல கிடக்கற ஈபி கார்டுல இன்னும் ரெண்டு மாசத்துக்கு ஒரு வரிதான் ஏறுது, வெயில் காலத்துல 500 யூனிட்ட தாண்டிட்டா ரேட்டே மாறிடுது.

அப்பா இரட்டை இலை. லேப்டாப், அம்மா உணவகம், அரசுப்பள்ளி புள்ளைங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம்னு வரிசையா சொல்வாரு, நியாயம்தான். ஆனா 2023ல பிஜேபிய விட்டு வெளிய வந்துட்டு 2025 ஏப்ரல்ல திரும்ப ஏன் சேர்ந்தாங்கன்னு கேட்டா டீவி சவுண்ட கூட்டிடறாரு.

தம்பி, நடிகர் விஜய்யோட தவெக கட்சி நடத்துன விக்கிரவாண்டி மாநாட்டுக்கு கழுத்துல துண்டோட போனவன், அத துவைக்கக்கூட விட மாட்டேங்கறான். வந்தா என்ன பண்ணுவாங்கன்னு கேட்டா, அண்ணா வரட்டும் பாருங்கறான், அவ்ளோதான் பதில்.

நான்தான் நடுவுல முழிக்கறேன். கூட்டணி நியூஸ் தினமும் முழுப்பக்கம் போடறீங்க சார், ஒரு நாளாவது ஒவ்வொரு கட்சியும் ஆட்சில இருந்தப்ப சொன்னது ஒரு பக்கம், செஞ்சது ஒரு பக்கம்னு போடுங்க, வெட்டி அந்த ஈபி கார்டு பக்கத்துலயே வெச்சிக்கறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈரோடு