சிரித்து மழுப்பாதே, மகள்

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ அழுதுகொண்டே கதைத்தபோது என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அரைமணி நேரத்தில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமும் இல்லை இது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் தாதியர் விடுதியில் இரவுச் சாப்பாட்டு மேசையில் தேர்தல் கதை வந்திருக்கிறது. "நாடு முழுவதும் மாறியது, உங்கள் மட்டக்களப்பு மட்டும் மாறவில்லை" என்று உன் பட்ச் பிள்ளை ஒருத்தி சொன்னாளாம். அதில் பொய் இல்லை. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐ எடுத்தது. 22 தேர்தல் மாவட்டங்களில் யாழ்ப்பாணமும் வன்னியும்கூட அதன் பக்கம் போயின. மட்டக்களப்பு மட்டும்தான் தமிழரசுக் கட்சியோடு நின்றது. யாரும் சொல்லக்கூடிய உண்மை அது. ஆனால் அடுத்து அவள் "புலிக்குட்டிகள் இன்னும் திருந்தவில்லை" என்றதும் மேசையே சிரித்ததாகவும், நீயும் சேர்ந்து சிரித்ததாகவும் சொன்னாய். அவள் சொன்னதைவிட நீ சிரித்ததுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்துகிறது.

இத்தனைக்கும் நீ தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கு வாக்களித்தவள் இல்லை. வாக்களிக்க ஊருக்கு வந்துவிட்டு, தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிக்குப் போட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாய். நான் வீட்டுக்குத்தான் போட்டேன். சோற்றுக் கோப்பையை வைத்துக்கொண்டு இருவரும் எவ்வளவு வாதாடினோம்! அன்று நீ ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. உன் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உன்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அம்மாவோடு அப்படி மல்லுக்கு நின்ற பிள்ளை, கொழும்பில் அறிமுகமாகிச் சில மாதங்களே ஆனவர்கள் முன்னால் ஏன் இப்படிக் குறுகிப்போக வேண்டும்?

ஏன் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சேர்ந்து படிக்க வேண்டும், இரவு டியூட்டிக்குச் சேர்ந்து போக வேண்டும், காய்ச்சல் வந்தால் கஞ்சி காய்ச்சித் தருவதும் அவர்கள்தான். தனித்துப்போய்விடுவோமோ என்ற பயம் சாதாரணமானது அல்ல. "மூன்று வருடமும் வாயைத் திறக்காமல் இருந்துவிடட்டுமா அம்மா?" என்று கேட்டாய். என் அம்மாவாக இருந்தால் ஆம் என்றிருப்பார். கொழும்புக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் கட்டிக்கொடுத்த புத்திமதியே அதுதான். நான் அதைச் சொல்ல மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்று, ஒப்புக்கொள்ளாததற்குத் தலையாட்டுவது வேறு. முதலாவது சில இடங்களில் தேவை. இரண்டாவது எந்த இடத்திலும் வேண்டாம்.

1996 ஜனவரி 31ஆம் திகதியைப் பற்றி உனக்கு நான் முழுவதும் சொன்னதில்லை. நான் அப்போது கொழும்பில் தாதியர் பயிற்சியில் முதலாம் வருடம். காலை பதினொரு மணிக்குச் சற்று முன்னர் கோட்டையில் மத்திய வங்கிக்கு முன்னால் புலிகளின் வெடிமருந்து லொறி வெடித்தது. தொண்ணூறு பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயப்பட்டார்கள். உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியெல்லாம் நொறுங்கித் தெறித்ததில் பலருக்குப் பார்வையே போயிற்று. ஒன்றும் தெரியாத எங்களையும் வாட்டுக்கு அழைத்தார்கள். என் கையில் கிட்னி ட்ரே. வைத்தியர் முகத்திலிருந்து கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் போட, ட்ரே ஒவ்வொரு முறையும் சிணுங்கியது. அரிசிக்கல் அளவுதான் இருக்கும் அந்தத் துண்டுகள்.

இரண்டு கண்களிலும் கட்டுப் போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நங்கி (தங்கச்சி), பெயர் என்ன?" என்று சிங்களத்தில் கேட்டார். சொன்னேன். பிடி தளர்ந்தது. கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். அன்றைக்கு அந்தப் பெண்ணிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? கண் கட்டிய நோயாளியைத் தொடுவதற்கு முன் யார் வந்திருக்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லித்தந்த பாடம். அவர் அந்த வாட்டில் இருந்தவரைக்கும், தண்ணீர் பருக்கும்போதும் பிரஷர் பார்க்கும்போதும் என் பெயரைச் சொல்லிவிட்டே தொட்டேன். சிங்களப் பெயர் ஒன்றைச் சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது, என் சிங்களம் அவ்வளவு சுத்தம். சொல்ல மனம் வரவில்லை. வீட்டுக்குப் போகும் நாள்வரை அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஆனால் தண்ணீர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அன்றிரவு என்னைக் குவாட்டர்ஸ்வரை கூட்டிக்கொண்டு போனது சிங்களவரான மாத்தறை அக்கா. நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய், உனக்குக் கித்துள் பாணி கொண்டுவருவாரே, அவர்தான். அப்போது தமிழ்ப் பெயர் உள்ள அடையாள அட்டையோடு தெருவில் இறங்கவே பயம். அக்காவின் தம்பியை 1989இல், தெற்கில் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியை அடக்கிய காலத்தில், இரவில் வந்து கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. கிழக்கில் 1990இல் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது, தெற்கில் 89இல் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இரவு டியூட்டியில், நோயாளிகளின் பெட்ஹெட் டிக்கெட்டுகளை எழுதி முடித்துவிட்டு, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அதற்காக ஒத்துப்போனோம் என்று நினைக்காதே. இராணுவம் வென்றால்தான் போர் முடியும் என்பது அவர் முடிவு. இல்லை என்று நான் சொல்லாத நாள் இல்லை. சில நாட்கள் கதைக்காமல்கூட இருந்திருக்கிறோம். 2009 மே மாதம் கொழும்புத் தெருக்களில் பட்டாசு வெடித்துப் பாற்சோறு பகிர்ந்த அன்று அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். வெற்றி பற்றி ஒரு சொல் இல்லை. வன்னியில் இருந்த உன் சித்தப்பா குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

என்னோடு படித்தவர்களில் நான் தலையாட்டிக்கொண்டே பழகியவர்களும் இருந்தார்கள். நல்லவர்கள்தான். அவர்களில் ஒருவருக்கும் அன்று என்னிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கென்று ஒரு துயரம் இருக்கும் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

எங்கே வாயை மூட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் கட்டிலருகே. நோயாளியே அரசியல் பேசினாலும் கேட்டுக்கொள், உன் கட்சியைச் சொல்லாதே. சர்வதேசத் தாதியர் பேரவையின் ஒழுக்கக் கோவையைப் படித்திருப்பாய். நோயாளியைப் பராமரிக்கும்போது எவற்றையெல்லாம் பார்க்கக்கூடாது என்ற வரிசையில் இனமும் மதமும் மட்டுமல்ல, அரசியலும் இருக்கிறது. 2022 மே 9ஆம் திகதி காலிமுகத்திடலில் அரச ஆதரவாளர்கள் போராட்டக்காரர்களைத் தாக்கிய பிறகு, பதிலுக்கு அடிபட்ட அந்த ஆதரவாளர்களைக் கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தபோது ஒரு கூட்டம் அவசர சிகிச்சைப் பிரிவின் வாயிலை மறித்தது. அவர்கள் கொலைகாரர்களாகவே இருக்கட்டும், எங்களுக்கு அவர்கள் நோயாளிகள், முதலில் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டது செய்திகளில் வந்தது. அந்த வைத்தியருக்கும் ஓர் அரசியல் இருந்திருக்கும். அதை அவர் வாயிலுக்கு வெளியே வைத்துவிட்டார்.

உனக்குப் புள்ளி போடும் டியூட்டர் யாருக்கு வாக்களித்தாய் என்று கேட்டால், "வாக்கு இரகசியம் மிஸ்" என்று சிரித்த முகத்தோடு சொல். அதில் கோழைத்தனம் ஒன்றும் இல்லை.

தொழிற்சங்கம் வேறு கதை. இங்கே தாதியர் சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் தொடர்பு உண்டு, ஒரு பெரிய சங்கத்துக்கு நீண்ட காலம் ஒரு பௌத்த பிக்குதான் தலைவராக இருந்திருக்கிறார். நியமனம் கிடைத்ததும் ஒவ்வொருவரும் படிவத்தை நீட்டுவார்கள், விசாரிக்காமல் கையெழுத்து வைக்காதே. ஆனால் சங்கமே வேண்டாம் என்றும் ஒதுங்காதே. 2024 பெப்ரவரியில், வைத்தியர்களுக்குக் கூட்டிய கொடுப்பனவை எங்களுக்கும் கேட்டு 72 சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மட்டக்களப்பில் நாங்கள் நின்ற அதே காலையில் மாத்தறையிலும் நின்றார்கள். வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பினார்கள். அன்று யாரும் யாருடைய ஊரையும் கேட்கவில்லை.

உன்னை "நீ அவர்களோடு சேர்ந்துவிட்டாய்" என்று குத்திய கிளிநொச்சி அக்காவுக்கும் நீ தலையாட்ட வேண்டியதில்லை. சிங்களப் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடுவது உன் உரிமை. ஆனால் அவளோடு கோபிக்க முன்னர் ஒன்று கேள். 2009இல் அவளுக்கு ஆறு ஏழு வயது இருந்திருக்கும். எங்கே இருந்தாள், யாரோடு வந்தாள் என்று எப்போதாவது கேட்டாயா? அவள் சொல்ல விரும்பாவிட்டால் விட்டுவிடு.

இனி அந்த மேசைப் பிள்ளை. பலர் முன்னால் வேண்டாம், கூட்டத்தில் யாரும் இறங்கி வர மாட்டார்கள். துணி துவைக்கும் இடத்திலோ பஸ்ஸுக்கு நிற்கும்போதோ தனியாகப் பிடி. உனக்கு விருப்பமென்றால் யாருக்கு வாக்களித்தாய் என்றும் சொல், அது உன் இரகசியம், உன் முடிவு. சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் இதை மட்டும் சொல்லாமல் விடாதே: "என் ஊர்க்காரரைப் புலிக்குட்டி என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன், எனக்கு அது சிரிப்பாக இல்லை. எங்கள் ஊர் ஏன் அப்படி வாக்களித்தது என்று கேட்டால் சொல்லுகிறேன்." குரலை உயர்த்தாதே, மன்னிப்பும் கேட்க வைக்காதே. அவள் கோபித்துக்கொள்ளலாம். சில கிழமைகள் மேசையில் உன் பக்கத்துக் கதிரை காலியாகவும் இருக்கலாம். அதைத் தாங்க உன்னால் முடியும் மகள்.

கதைத்த பிறகு எனக்குத் தொலைபேசி எடு. இரவு டியூட்டியில் இருந்தாலும் எடுப்பேன். அவள் மோசமாகப் பதில் சொன்னாலும் மறைக்காமல் சொல்.

அன்புடன்,
அம்மா