கவரை மாத்துனா போதாது, அடியைப் பாருங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

உச்சிப்புளி பக்கம் குஷன் கடை வச்சிருக்கேன். பைக் சீட்டு, வேன் சீட்டு, படகு கேபின் மெத்தை, மண்டபத்து சோபா இதுதான் நம்ம தொழில். உங்க பேப்பர்ல மாவட்ட தடகளப் போட்டி ரிசல்ட்டு போடுறப்ப கோலூன்றித் தாண்டுதல்ல யாரு எம்புட்டு உயரம்னு ஒரு வரி வரும், ஆனா தாண்டுன பிள்ளைக எது மேல வந்து விழுகுதுன்னு யாரும் எழுதுனதில்ல, அதான் நானே எழுதலாம்னு உக்காந்துட்டேன்.

நம்ம கடலோரத்துல ஒரு கிரவுண்டு, பேர் வேணாம். அங்க இருக்குற போல்வால்ட் பெட்டுக்கு, அதான் கோலூன்றித் தாண்டுறவங்க வந்து விழுகுற மெத்தைக்கு, புது கவர் தைக்கணும்னு கூப்பிட்டாங்க. "அண்ணே, மேல ரெக்ஸின் கிழிஞ்சிருச்சு, அதை மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, பாக்க நல்லா இருந்தா போதும்"னு சொன்னாரு அங்க இருந்த மாஸ்டர். அவரையும் குத்தம் சொல்ல முடியாது, அவர் கைக்கு வந்த காசு அவ்வளவுதான். ஜிப்பு உப்புல இறுகிப்போய் கழுத்த அறுத்துருச்சு, கத்தி வச்சுத்தான் பிரிச்சோம். உள்ள பாத்தா நடுவுல இருக்குற ஃபோம் பிளாக்கு அடில கருப்பா ஊறிப்போயிருக்கு, ஒரு ஓரத்துல எலி குடைஞ்சு குடும்பமே நடத்தியிருக்கு, மேல்பக்கம் கையால தேச்சா மஞ்சத்தூளாட்டம் கொட்டுது. முழங்காலப் போட்டு ஒரு தடவை அழுத்துனேன், பழைய டவுன் பஸ் சீட்டுல உக்காந்தா பலகை தெரியுமே அதே மாதிரி அடில சிமெண்டு தரை தட்டுப்பட்டுச்சு. இதுக்கு மேல புது கவர் போட்டா வெளியில இருந்து பாக்குறவனுக்கு புது பெட்டு, விழுகுறவனுக்கு பழைய தரை.

கணக்கு ரொம்ப சிம்பிள். 3 மீட்டர் தாண்டுற ஒரு ஸ்கூல் பையன், அமுங்கிப்போய் 60 சென்டிமீட்டர்ல நிக்கிற பெட்டுல வந்து விழுந்தான்னா அவன் முதுகு படுறப்ப மணிக்கு கிட்டத்தட்ட 25 கிலோமீட்டர் வேகம். 2022 குஜராத் தேசிய விளையாட்டுல நம்ம தமிழ்நாட்டுப் பொண்ணு ரோஸி மீனா பால்ராஜ் 4.20 மீட்டர் தாண்டி, அதே நம்ம ஊரு சுரேகாவோட 4.15 ரெக்கார்டை உடைச்சாங்களே, அந்த உயரத்துல இருந்து நல்ல 80 சென்டிமீட்டர் பெட்டுல விழுந்தாலே 30 கிலோமீட்டர் கிட்ட வரும். அந்த வேகத்தை ஃபோம் எம்புட்டு தூரத்துக்குள்ள பிடிச்சு நிறுத்துதுங்கிறதுதான் விஷயமே. 60 சென்டிமீட்டர் அமுங்கி நின்னா உடம்புல படுற அடி ஒரு மடங்குன்னா, 30லயே நின்னுட்டா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுவும் கடைசில தரை தட்டுச்சுன்னா மிச்சம் இருக்குற அம்புட்டு வேகமும் ஒரே நொடியில கழுத்துலயும் இடுப்புலயும் இறங்கும். அதனாலதான் பெரிய போட்டிகளுக்கு 6 மீட்டருக்கு 6 மீட்டர், 80 சென்டிமீட்டர் உயரம் குறையக் கூடாதுன்னு உலக தடகள விதியில வச்சிருக்கான். அளவு சரியா இருந்தாலும் உள்ள இருக்குற ஃபோம் செத்துப்போயிருந்தா டேப் வச்சு அளந்து என்ன பிரயோஜனம்.

நம்ம கடக்கரைல ஃபோம் சீக்கிரமா சாகுறதுக்குக் காரணம் இருக்கு. ஆடிக்காத்துல மணல் உள்ள போய் உக்காந்துக்கிட்டு ஃபோமை உள்ளுக்குள்ளயே அராவும். உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வச்சுக்கிரும், ஐப்பசி கார்த்திகை மழைல ஊறுனது தை வரைக்கும் காயாது, ஏன்னா பெட்டை வெறும் தரைல போட்டு வச்சிருக்கோம், அடில காத்து போக வழியே இல்ல. மேல வெயில் பட்டுத் தூளாகுது, கீழ ஈரம் பட்டு அழுகுது.

சரி என்ன செய்யலாம்னா, மொதல்ல பெட்டைத் தரைல இருந்து தூக்கணும். ஒரு சாண் உயரத்துக்கு மரச்சட்டம் அடிச்சு அதுமேல வைக்கணும். பனஞ்சட்டம் நம்ம ஊரு உப்புக்குத் தாங்குற மாதிரி வேற எதுவும் தாங்காது. பச்சைப் பனையை வெட்டச் சொல்லல, அதுக்கு கலெக்டர் அனுமதி வேணும், வெட்டவும் கூடாது, பழைய ஓட்டு வீடு பிரிக்கிற இடத்துல வைரம் பாஞ்ச சட்டம் நல்லாவே கிடைக்கும். சட்டத்துக்குச் சட்டம் இடைவெளி ரெண்டு விரல்கடைக்கு மேல இருந்தா ஃபோம் அதுக்குள்ள தொங்கும், அதனால நெருக்கி அடிக்கணும். ஒரு விஷயம் முக்கியம், சட்டத்தோட விளிம்பு ஃபோம் விளிம்புக்கு ஒரு அடி உள்ள தள்ளித்தான் இருக்கணும், வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா ஓரமா சரியுற பிள்ளை மண்டை மரத்துல போயி அடிக்கும், அதுக்கு நாம சும்மாவே இருந்திருக்கலாம். பெட்டு உயர்றப்ப முன்னாடி பாக்ஸ் பக்கம், அதான் கோலை ஊன்றுற குழிப் பக்கம், இருக்குற சாய்வுத் துண்டையும் சேத்து உயர்த்தணும், அதை விட்டுட்டா அங்க ஒரு பள்ளம் விழும், போல்வால்ட்டுல மோசமான அடியெல்லாம் படுறதே அந்த பாக்ஸ்கிட்டதான்.

அடுத்தது அடி லேயர். சட்டத்துக்கு மேல, பழைய பிளாக்குக்குக் கீழ, நாலு அல்லது ஆறு இஞ்சு ரீபாண்டட் ஃபோம் போடணும். துண்டு ஃபோமை எல்லாம் அரைச்சு ஒட்டி அழுத்தி வருமே, ஜிம்னாஸ்டிக் மேட்டுலயும் சோபா அடியிலயும் போடுறது, மதுரைல ஃபோம் கடையில ஷீட்டாவே கிடைக்கும். அது சாதா ஃபோமை விட கெட்டி, மேல இருக்குற பழைய ஃபோம் முழுசா அமுங்குன பெறகு கடைசி வேகத்தை அது வாங்கிக்கிரும், தரை தட்டாது. அதுக்காக பெட்டு பூராவும் கெட்டி ஃபோமே போட்டுரலாமேன்னு கேக்காதீங்க, மேல மெத்துன்னு இருந்து போகப்போக இறுகணும், எடுத்ததுமே இறுகுனா அதுவும் தரைதான்.

காசு இல்லாத வேலை ஒண்ணும் இருக்கு. பிள்ளைக எப்பவும் நடுவுலதான் விழுகுது, அதனால நடு பிளாக்குதான் சாகும், பின்னாடி மூலைல இருக்குற பிளாக்கு பாதிக்கு மேல உசுரோட இருக்கும். ஒரே சைஸா இருந்தா ரெண்டையும் இடம் மாத்தி, தலைகீழாப் பொரட்டிப் போட்டாலே கொஞ்ச காலம் ஓடும். மாத்திட்டு பிளாக்குகளை பட்டை வச்சு இழுத்துக் கட்டணும், சந்து விட்டா கணுக்கால் உள்ள போயிரும்.

சிலபேர் சும்மா யோசனை சொல்றாங்க, பழைய டயரை அடில போடு, மீன் ஐஸ் வைக்கிற தெர்மாக்கோல் பெட்டியப் போடு, வைக்கோலை அமுக்குன்னு. டயர் திருப்பித் தூக்கி அடிக்கும், அதுல தண்ணி நின்னு கொசு வேற. தெர்மாக்கோல் ஒரு தடவை நொறுங்குனா நொறுங்குனதுதான், திரும்ப எந்திரிக்காது. வைக்கோல்ல பாம்பு வரும், நம்ம ஊருக்குச் சொல்லவே வேணாம். வேணும்னா வெட்டி மிஞ்சுன ஃபோம் துண்டுகளை பழைய நைலான் வலைல மூட்டையாக் கட்டி பெட்டுக்கு ரெண்டு பக்கமும் பின்னாடியும் அடுக்கலாம், வெளிநாட்டுல மணலும் மரத்தூளும் போயி ஃபோம் வந்த 1960கள்ல பள்ளிக்கூடங்கள்ல இப்படித்தான் வலைக்குள்ள துண்டு ஃபோமை அடைச்சு விழுகுற மெத்தை செஞ்சாங்க. வலை பொத்துறதுக்கு பாம்பன்லயும் மண்டபத்துலயும் ஆளுக்கா பஞ்சம்.

இவ்வளவு பேசுறியே நீயே செஞ்சு குடுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேட்டேன் அய்யா. பெட்டு ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறுன சாமான், உள்ள கை வைக்கக் கூடாது, கவர் மாத்த மட்டும்தான் ஐட்டம் இருக்குன்னுட்டாங்க. ஒண்ணு கவர் மாத்தணும், இல்ல மொத்தத்தையும் இனி உதவாதுன்னு கண்டம் பண்ணி பல லட்சத்துக்குப் புதுசு கேட்டு எழுதிப்போட்டுட்டுக் காத்துக்கிடக்கணும், நடுவுல ரிப்பேருக்குன்னு ஒரு தலைப்பே கிடையாதாம். கவருக்கு ஆகுற காசோட கொஞ்சம் சேத்தா அடி லேயரும் சட்டமும் முடிஞ்சிரும், ஆனா பில்லுல "கவர்"னு மட்டும்தான் எழுத முடியும்.

விளையாட்டுத் துறைல யாராவது இதைப் படிச்சா, ஐப்பசி மழைக்கு முன்னாடி கடலோர கிரவுண்டு பெட்டுகளோட ஜிப்பைப் பிரிச்சு அடியைப் பாக்கவும், ரிப்பேர்னு ஒரு ஐட்டம் போட்டு பில்லு எழுதவும் ஒரு உத்தரவு போடச் சொல்லுங்க. அது வர்ற வரைக்கும் காலைல பிராக்டிஸுக்கு முன்னாடி மாஸ்டர்மாருக பெட்டு நடுவுல முழங்காலப் போட்டு ஒரு தடவை அழுத்திப் பாருங்க, தரை தட்டுச்சுன்னா அன்னைக்கு ஓட்டமும் கோல் பிடிக்கிற டிரில்லும் மட்டும் சொல்லிக் குடுங்க, குறுக்குக் கம்பியை ஏத்தாதீங்க.

இப்படிக்கு,
ஒரு குஷன் கடைக்காரன்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.