1874 அல்ல, 1847

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் தமிழுக்கு இங்குள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர் இருக்கை அமைத்து, யாழ்ப்பாணத்தில் தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிரீன் பெயரைச் சூட்டும் யோசனை பற்றிய உங்கள் ஞாயிறு மலர்க் கட்டுரையைப் படித்தேன். எங்கிருந்தோ வந்த மிஷனரிக்கு இங்கே எதற்கு இருக்கை என்று கேட்டிருக்கிறார் கட்டுரையாளர்.

கேட்கட்டும். ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்கு வசூல் நடந்தபோது பக்கம் பக்கமாக எழுதியவர்கள்தானே நீங்கள்? அமெரிக்காவில் தமிழுக்கு இருக்கை வேண்டும். தமிழில் மருத்துவம் சொல்லிக்கொடுத்த அமெரிக்கருக்கு இங்கே ஆகாது. பேஷ்!

இருக்கை விஷயத்தில் செட்டிநாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் (இன்றைய கேரளப் பல்கலைக்கழகம்) தமிழுக்குப் பணம் கொடுத்தவர் கோட்டையூர் அழகப்பச் செட்டியார். தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளை அங்கே பேராசிரியராக இருந்தது தாங்கள் அறியாததல்ல. வள்ளல் அன்று அசலூர் என்று கணக்குப் பார்த்தாரா?

எங்கள் ஐயா கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்கள். யாழ்ப்பாணத்தில் வாங்கி வந்த கிரீனின் 'இரணவைத்தியம்', 1867இல் வந்த அறுவை மருத்துவப் புத்தகம், எங்கள் வீட்டு இரண்டாங்கட்டுப் பெட்டகத்தில் இருந்தது. ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தாலும் எழுத்து ஒன்றும் போகவில்லை. பாகப்பிரிவினையில் நிலைக்கதவோடு சேர்த்து அதையும் பழஞ்சாமான் கடைக்கு எடை போட்டுவிட்டார்கள். அந்த வயிற்றெரிச்சல் தனி.

போன வருடம் ஆத்தாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த நான்கு பக்கமும் இங்கிலீஷ். டாக்டர் பேசியதும் அப்படியே. "என்னய்யா சொல்றாக?" என்று ஆத்தா என்னைக் கேட்டார்கள். தமிழாசிரியன் நான் முழித்தேன். கடைசியில் எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அட்டையில் பேனாவால் எழுதிக்கொடுத்தவன் மருந்துக்கடைப் பையன். இதைத்தானய்யா அந்த கிரீன் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் உட்கார்ந்து அன்றே யோசித்தார்! 60 பேருக்கு மேல் மருத்துவராக்கினார்; பின்னால் வந்தவர்களுக்கு வகுப்பே தமிழில்தான். பாடப்புத்தகம் இல்லையென்று கைகட்டி நிற்காமல் அங்காதிபாதம் (உடற்கூறு), வைத்தியாகரம் (மருத்துவம்), கெமிஸ்தம் (வேதியியல்) என்று வரிசையாகக் கொண்டுவந்தார். 2022இல் மத்தியப் பிரதேசத்தில் இந்தியில் எம்.பி.பி.எஸ். புத்தகம் வந்ததை ஏதோ உலகத்திலேயே முதல்முறை நடப்பதுபோல் நீங்களும் கொட்டை எழுத்தில் போட்டீர்கள்.

இருக்கை அமைப்பதும் அமைக்காததும் உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. ஆனால் அவர் யாழ்ப்பாணம் வந்த ஆண்டு 1874 என்று அச்சிட்டிருக்கிறீர்கள். 1847. ஊருக்குத் திரும்பியதே 1873இல். உங்கள் கணக்குப்படி போன பிறகுதான் வந்திருக்கிறார். ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இடமில்லையென்றால் ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
கண்டனூர்.